எஞ்சின் ஆறியிருக்க வேண்டும்

ஐம்பத்திரண்டு வயதில் ஒருவன் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போகிறேன் என்று சொன்னால், கேட்பவர்கள் காரைப் பற்றி எதுவும் கேட்பதில்லை. "உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" என்றுதான் கேட்கிறார்கள். என் மைத்துனர் ஒருபடி மேலே போய், முழு உடல் பரிசோதனைக்குத் தள்ளுபடி தரும் ஓர் ஆய்வகத்தின் எண்ணை அனுப்பி வைத்தார். என் மனைவி மட்டும் என்னைத் தலையிலிருந்து தொப்பை வரை ஒருமுறை பார்த்துவிட்டு, "உள்ள உக்காந்தா வெளிய வர முடியுமா உங்களால?" என்றாள். நியாயமான கேள்வி. இன்றுவரை அதற்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை.

இருபத்து மூன்று வருடமாகச் சேலையூரிலிருந்து சிறுசேரிக்குக் கம்பெனிப் பேருந்தில் போய் வருகிறேன். மற்றவர்கள் எழுதும் மென்பொருளுக்கு விளக்கப் புத்தகம் எழுதுவது என் வேலை. யாரும் படிக்காத புத்தகங்களை எழுதிக்கொண்டே இருப்பதற்கு மாதச் சம்பளமும் வாங்கும் பாக்கியம் எத்தனை எழுத்தாளர்களுக்குக் கிடைத்திருக்கிறது? பேருந்து ஜன்னலிலிருந்து பார்த்தால் எல்லாக் கார்களின் கூரையும் தெரியும். ஒருநாள் மேடவாக்கம் சிக்னலில், கூரை என் கணுக்காலுக்கும் கீழே இருப்பதுபோல் ஒரு சின்னச் சிவப்பு வண்டி வந்து நின்றது. ஓட்டியவருக்குத் தலை முழுக்க நரை. அவரும் எங்களைப் போலவே பத்து நிமிடம் அசையாமல்தான் நின்றார். ஆனால் அவர் நின்ற தோரணை வேறு.

அன்று பிடித்தது இந்த ஆசை. சேலையூர் கேம்ப் ரோட்டில் ஒரு வண்டியின் வேகத்தை அதன் குதிரைத்திறன் தீர்மானிப்பதில்லை, முன்னால் போகும் ஷேர் ஆட்டோ தீர்மானிக்கிறது என்பதெல்லாம் எனக்கும் தெரியும். அறிவு ஆசையைத் தடுத்ததாக நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இல்லை.

என் மனைவி பள்ளி ஆசிரியை. ஓய்வு பெற்றதும் டியூஷன் எடுக்க மாடியில் ஓர் அறை எழுப்ப வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் திட்டம். அதற்காகச் சேர்த்து வைத்திருந்ததை, அறையைத் தள்ளிப்போட்டு, எனக்கு விட்டுக்கொடுத்தாள். பெரிய வாக்குவாதம் எதுவும் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. ஒரே ஒரு நிபந்தனை விதித்தாள்.

"ரோட்டுல ஒரு தடவை நின்னுச்சுன்னா, ஒரே ஒரு தடவை, மறுநாளே வித்துட்டு நான் சொல்ற வண்டிதான்."

அவள் சொல்லும் வண்டி எது என்று எனக்குத் தெரியும். வெள்ளை நிறம், உயரமான இருக்கை, பார்ப்பதற்கு இட்லிக் குக்கருக்குச் சக்கரம் வைத்த மாதிரி. அது போகட்டும். நான் வாங்கும் பழைய வண்டியின் எஞ்சின் படுத்துவிட்டால் அவளுடைய அறையும் சேர்ந்து படுத்துவிடும். பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குகிறவன் உண்மையில் வாங்குவது எஞ்சினைத்தான், மற்றதெல்லாம் அதைச் சுற்றிய தகரம் என்று படித்திருந்தேன். அந்த எஞ்சின் தவறாக அமைந்தால், சரிசெய்யும் செலவில் மாடியில் ஓர் அறையும் அதற்கொரு குளியலறையும் கட்டலாம்.

ஆகவே, எனக்குத் தெரிந்த ஒரே முறையில் தயாரானேன்: படித்தேன். இரண்டு மாதம் படித்து, வண்டியில் சோதிக்க வேண்டியவை என்று நாலு பக்கப் பட்டியல் ஒன்று தட்டச்சு செய்தேன். தலைப்பு, உட்தலைப்பு, அடிக்குறிப்பு எல்லாம் உண்டு. அதை எடுத்துக்கொண்டு, கேம்ப் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் ஒர்க்ஷாப் வைத்திருக்கும் என் மெக்கானிக்கிடம் போனேன். என்னைவிட ஏழு வயது இளையவர். ஆனாலும் நான் அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். பானெட்டைத் திறந்தபிறகு வயது வேறு கணக்கில் ஓடுகிறது. என் பதினைந்து வருடத்து மாருதியை இன்னும் உயிரோடு வைத்திருப்பவர் அவர்தான்.

பட்டியலை வாங்கி, முதல் பக்கம் பார்த்தார், கடைசிப் பக்கம் பார்த்தார், நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"இன்னா சார், கல்யாணப் பத்திரிகை கணக்கா கீது. இதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். வெயில் ஏர்றதுக்கு முன்னாடி போணும், வண்டி ராத்திரி பூரா நின்னுக்கினு இருந்திருக்கணும், நாம போய்த்தான் ஸ்டார்ட் பண்ணணும். அவ்ளோதான்."

"அவ்வளவுதானா?"

"ஆறின இஞ்சின் பொய் சொல்லாது சார்."

முதலில் பார்த்தது கேம்ப் ரோட்டிலேயே பழைய கார்கள் விற்கும் ஓர் இடத்தில். தரகர் மிக உற்சாகமான மனிதர். ஆரஞ்சு நிறத்தில் ஒரு வண்டியைக் காட்டி, "டாக்டர் வண்டி சார்" என்றார். பழைய கார் உலகில் ஓடுகிற எல்லா வண்டியையும் டாக்டர்கள்தான் ஓட்டியிருக்கிறார்கள். அவர்கள் எப்போது நோயாளிகளைப் பார்த்தார்கள் என்று தெரியவில்லை. பானெட்டைத் திறந்தார். எஞ்சின் பளபளவென்று இருந்தது. நான் மயங்கிவிட்டேன். அண்ணா முகம் சுளித்தார்.

"நேத்து வாட்டர் வாஷ் பண்ணினீங்களா?"

"ஆமா சார், கஸ்டமர் வர்றாங்கன்னு."

"எண்ணெய் எங்க கசியுதுன்னு இஞ்சினே எழுதி வெச்சிருக்கும் சார், நீங்க அதைக் கழுவிட்டீங்க" என்றபடி, எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவத்தை ஊற்றும் டப்பாவின் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். உள்ளே நிறமே இல்லாத தண்ணீர். "இன்னாது இது?"

"மினரல் வாட்டர் சார்!" என்றார் தரகர் பெருமையாக. "போர் தண்ணி ஊத்தவே மாட்டோம். கேன் தண்ணிதான்."

அண்ணா மூடியை மூடினார். எங்கள் பக்கத்தில் மனிதனுக்கு எது நல்லதோ அது எஞ்சினுக்கும் நல்லது என்றொரு பாசம் உண்டு. கூலன்ட் இல்லாத வெறும் தண்ணீரில் உள்ளே துரு பிடித்து, சூடேறி, ஒருநாள் எஞ்சினின் தலைப்பகுதியே வளைந்துவிடும் என்று என் பட்டியலின் மூன்றாம் பக்கத்தில் இருந்தது. சொல்ல வாயெடுத்தேன். அண்ணா ஏற்கெனவே தன் பைக்கை உதைத்துக்கொண்டிருந்தார்.

அதன்பிறகுதான் சிட்லபாக்கத்து வண்டி வந்தது. ஏரிக்குப் பக்கத்துத் தெருவில், வேப்பமர நிழலில், மாதா படம் போட்ட டைலை வாசலில் பதித்த வீடு. உரிமையாளர் கப்பலில் தலைமை எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர், எழுபதைத் தாண்டியவர். வண்டி கருநீலம். இரண்டு கதவு, இரண்டு இருக்கை. பின்னால் இருப்பவை இருக்கைகள் அல்ல, வாக்குறுதிகள். ஜெர்மன்காரர்கள் செய்தது. விற்கும் காரணத்தையும் அவரே சத்தமாகச் சொன்னார். அவர் எதையும் சத்தமாகத்தான் சொல்வார்.

"உள்ள உக்காரக் கிராவிட்டி உதவுது தம்பி. வெளிய வர என் ஒய்ஃப் உதவணும். முழங்கால் ரெண்டும் போச்சு."

என் மனைவியின் கேள்வி ஒருகணம் காதில் கேட்டது. தள்ளிவிட்டேன்.

காலை ஆறே முக்காலுக்குப் போயிருந்தோம். அண்ணா வணக்கம் சொல்வதற்கு முன்பே நேராக வண்டியிடம் போய், பானெட்டைத் திறக்கச் சொல்லி, எஞ்சினின் மேல் உள்ளங்கையை வைத்தார். வைத்த வேகத்தில் எடுத்தார். கொதிக்கிறது.

"ரெடியா வெச்சிருக்கேன்!" என்றார் கப்பல்காரர். "பத்து நிமிஷம் ஓடி, நல்லா வார்ம் ஆயிடுச்சு. ஏறி உக்காருங்க, ஒரு ரவுண்ட் போலாம்."

போனோம். அந்த ஒரு சுற்றைப் பற்றி நான் எழுதினால் இந்தக் கட்டுரை வேறு மாதிரி ஆகிவிடும். ராஜகீழ்ப்பாக்கம் வரை போய்த் திரும்பியதற்குள் நான் முப்பது வயது மனிதனாகிவிட்டேன் என்று மட்டும் சொல்கிறேன். இறங்கும்போது மறுபடி ஐம்பத்திரண்டு. வீட்டில் பில்டர் காபி, கூடவே பிளம் கேக். கப்பல் பதிவேடு போல ஒரு தடித்த நோட்டு. எண்ணெய் மாற்றிய தேதி, பெல்ட் மாற்றிய தேதி, டயர் காற்று வரை எல்லாம் நீல மையில். எண்ணெய் மூடிக்கு அடியில் வெண்ணெய் போன்ற படிவு இல்லை. கூலன்ட் இளஞ்சிவப்பு. புகை நீலமாக வரவில்லை. என் நாலு பக்கமும் தேர்ச்சி. நான் அப்போதே முன்பணம் அனுப்பக் கைபேசியை எடுத்தேன். அண்ணா என் காலை மிதித்தார்.

வெளியே வந்ததும் சொன்னார். "சூடு பண்ணி வெச்சிருக்காரு சார். ஏன் வெச்சிருக்காரு?"

"மரியாதைக்கு அண்ணா! விருந்தாளி வந்தா காபி போட்டு வைக்கிற மாதிரி."

"இந்த மாடல் இஞ்சின்ல ஒரு பேஜார் உண்டு சார். டைமிங் செயின். காலைல முதல் ஸ்டார்ட்டுல மட்டும்தான் தெரியும். பத்து நிமிஷம் ஓடுச்சுன்னா சாமியார் கணக்கா அமைதியாயிடும்."

அது என் பட்டியலின் இரண்டாம் பக்கத்தில், நானே எழுதியது. எஞ்சினின் வயிற்றுக்குள் சைக்கிள் செயின் போல ஒரு சங்கிலி ஓடுகிறது. மேலே திறந்து மூடும் வால்வுகளும் கீழே ஏறி இறங்கும் பிஸ்டன்களும் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளாமல் நேரம் பார்த்து நடத்துவது அதன் வேலை. அதை இறுக்கிப் பிடித்திருப்பது எண்ணெயின் அழுத்தம். வண்டி ராத்திரி முழுக்க நின்றால் எண்ணெய் கீழே வடிந்துவிடும்; சங்கிலி தளர்ந்திருந்தால், காலையில் அழுத்தம் ஏறும்வரை சில விநாடிகள் கறகறவென்று ஆடும். அவ்வளவுதான் எச்சரிக்கை. அதைக் கேட்காமல் ஓட்டினால், ஒருநாள் சங்கிலி ஒரு பல் தாண்டும். அன்றோடு எஞ்சின் முடிந்தது. மாடி அறையும்.

அன்று மாலை கப்பல்காரருக்கு ஃபோன் செய்து, நாளைக் காலை மறுபடி வருகிறோம், தயவுசெய்து வண்டியை முன்கூட்டி ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று பணிவாகக் கேட்டுக்கொண்டேன். 

"ஆறின எஞ்சினைத் தட்டி எழுப்பறதா?" என்றார். "தம்பி, கப்பல்ல மெயின் எஞ்சினை ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி மணிக்கணக்கா சுடுதண்ணி ஓடவிட்டு வார்ம் பண்ணுவோம். ஆறின எஞ்சினை எவனாவது ஸ்டார்ட் பண்ணினா அவனைக் கடல்ல தூக்கிப் போடணும். நான் இந்த வண்டி வாங்கின நாள்ல இருந்து வார்ம் ஆகாம ஒருநாள்கூட எடுத்ததில்ல."

"ஒரே ஒரு தடவை சார்."

"உங்க மெக்கானிக் எந்தக் கப்பல்ல இருந்தாரு?"

"சேலையூர்ல சார்."

கடைசியில், வேண்டாவெறுப்பாக, சரி என்றார். கூடவே, பெருங்குடியிலிருந்து ஒரு பையன் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறான், கேட்டதைக் கொடுக்கத் தயார், சனிக்கிழமை வந்து எடுத்துக்கொள்கிறேன் என்கிறான் என்பதையும் சொன்னார். அது வியாழக்கிழமை.

வெள்ளிக்கிழமை காலை ஆறரை. அண்ணா உள்ளங்கையை வைத்தார். எடுத்தார். என்னைப் பார்த்தார். கொதிக்கிறது.

"சார், நான் கெளம்பறேன்" என்றார். கோபமாகக்கூட இல்லை. "ரெண்டு வாட்டி. வேணும்னா நீங்க வாங்கிக்கோங்க. உங்க வண்டி, உங்க துட்டு. ரிப்பேருக்கு மட்டும் என்னாண்ட வராதீங்க."

நான் நடுவில் நின்றேன். ஒரு பக்கம் மனிதர்களைப் பற்றி நல்லதையே நினைக்க விரும்பும் என் சோம்பேறித்தனம். மறுபக்கம் அந்த உள்ளங்கை. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன்: அந்த நிமிடம் என் மனம் வண்டியின் பக்கம்தான் சாய்ந்தது. நாளை பெருங்குடிப் பையன் வந்துவிடுவான். இவர் பொய் சொல்கிற முகமா? நோட்டில் நீல மையில் எழுதுகிற மனிதர் ஏமாற்றுவாரா? ஆசை வந்துவிட்டால் கையெழுத்துகூடச் சாட்சியாகிவிடுகிறது. கை தானாகக் கைபேசியைத் தேடியது.

கப்பல்காரர் எஞ்சினைத் தொட்டுப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பிக் கத்தினார். "யாரு ஸ்டார்ட் பண்ணது?"

அவர் மனைவி காபித் தட்டோடு வெளியே வந்தார். ஒல்லியான அம்மாள். மணிக்கட்டில் ஜெபமாலை சுற்றியிருந்தது.

"யாரு பண்ணுவா? நான்தான். தினமும் நான்தானே பண்றேன்."

"இன்னிக்குப் பண்ண வேணாம்னு ராத்திரியே சொல்லல?"

"எங்க சொன்னீங்க? ஃபோன்ல இந்தத் தம்பிகிட்ட கத்தினீங்க. அதோட நியூஸ் பாக்கப் போயிட்டீங்க." தட்டை என்னிடம் நீட்டினார். "எடுத்துக்கோங்க தம்பி, ஆறிடப் போகுது."

எஞ்சின் ஆறினால் போதும் என்று இரண்டு நாளாக நான் வேண்டிக்கொண்டிருக்கிறேன். இந்த வீட்டில் எதையுமே ஆற விடமாட்டார்கள் போலிருந்தது.

அப்புறம்தான் தெரிந்தது. ஐயா தினமும் ஆறரைக்கு வண்டியை எடுத்துக்கொண்டு வண்டலூர் வரை போய் வருவார், எஞ்சினுக்கு நடைப்பயிற்சி. அதற்கு முன் பத்து நிமிடம் அதை வார்ம் பண்ண வேண்டும். அவர் குளித்துக்கொண்டிருக்கும்போது இந்த அம்மாள் வந்து வண்டியில் ஏறி, ஸ்டார்ட் செய்து, ஏசியைப் போட்டுக்கொண்டு, ஜெபமாலையில் இருபது மணிகளை உருட்டி, மணிக்கொரு ஜெபமாகச் சொல்லி முடிப்பார். "வீட்டுக்குள்ள டிவி சத்தம் தம்பி. இங்கதான் நிம்மதி." ஒன்பது வருடமாக இதுதான் நடைமுறை.

பைக்கில் ஏறி உட்கார்ந்திருந்த அண்ணா மெதுவாக இறங்கினார்.

"அம்மா, நீங்கதான் தினம் முதல்ல ஸ்டார்ட் பண்றதா? அப்ப எதுனா சத்தம் வருதா?"

"அதுவா? அது எப்பவும் உண்டே" என்றார் அந்த அம்மாள், மழை பெய்தது என்று சொல்வதைப் போல. "கறகறன்னும். இவரு காலைல தொண்டையைச் செருமற மாதிரி. முதல் மணி சொல்லி முடிக்கிறதுக்குள்ள அடங்கிடும்."

"எப்பவும் முதல் மணியிலயே அடங்கிடுமாம்மா?"

அம்மாள் யோசித்தார். "முன்னல்லாம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே நின்னுடும். போன மழைக்கு அப்புறம்தான் பாதி மணி வரைக்கும் வர ஆரம்பிச்சுது. இப்ப கொஞ்ச நாளா ஒரு மணி பூரா சொல்லி முடிக்கிற வரைக்கும் வருது."

அண்ணா என்னைப் பார்த்தார். நான் அண்ணாவைப் பார்த்தேன். நான் இரண்டு மாதம் படித்த கட்டுரைகள் எதிலும் இவ்வளவு துல்லியமான அளவீடு இல்லை.

கப்பல்காரர் மட்டும் யாரையும் பார்க்கவில்லை. காபி கையிலேயே இருந்தது.

"நாளைக்குக் காலைல வாங்க" என்றார். முதல்முறையாகக் குரல் தாழ்ந்திருந்தது. "சாவி என் தலைமாட்டுல இருக்கும்."

சனிக்கிழமை காலை போனபோது பானெட் திறந்திருந்தது. அண்ணா உள்ளங்கையை வைத்தார், எடுக்கவில்லை. எஞ்சின் சில்லென்று இருந்தது. கப்பல்காரர் கையில் முழம் நீள இரும்புக் கம்பி ஒன்று. கப்பலில் பயன்படுத்தியதாம். ஒரு முனையை எஞ்சினின் முன்பக்கத்தில் ஊன்றி, மறுமுனையைக் காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்துக்கொண்டு குனிந்தார். அம்மாள் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். பழக்கத்தில் ஜெபமாலையைக் கையில் எடுத்துக்கொண்டார்.

பட்டனை அழுத்தினார்.

அண்ணா உடனே விரலை உயர்த்தினார், இதோ, இதோ என்பதுபோல. நானும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினேன். உண்மை என்னவென்றால் எனக்கு எஞ்சின் சத்தத்தைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. ஆனால் அந்த இடத்தில் கேட்கவில்லை என்று சொல்லும் துணிச்சல் எனக்கு இல்லை.

கப்பல்காரர் கம்பியை எடுக்கவில்லை. சத்தம் அடங்கிய பிறகும் அப்படியே குனிந்திருந்தார். நிமிர்ந்தபோது முகம் வேறாக இருந்தது.

"காதுல ஒண்ணும் கேக்கல" என்றார். "எலும்புல கேட்டுச்சு."

முப்பது வருடம் எஞ்சின் அறையில் நின்ற காது. கறகற மாதிரியான மெல்லிய சத்தங்களை அது எப்போதோ கைவிட்டிருந்தது. மனைவியிடம் திரும்பினார்.

"எத்தனை நாளா இது?"

"ரெண்டு மழைக்காலமா."

"ஏன் சொல்லல?"

"சொல்லி? காதுக்கு மெஷின் வெச்சுக்கோங்கன்னு நாலு வருஷமாச் சொல்றேன். அதையே கேக்கல. எஞ்சினைப் பத்தி நான் வாயைத் திறந்தா, 'எனக்கே பாடம் எடுக்கறியா'ம்பீங்க."

அண்ணாவுக்குச் சிரிப்பு வந்தது. வண்டியின் டயரைக் கவனமாகப் பார்த்து அடக்கிக்கொண்டார். அந்த நேரம் பார்த்துக் கப்பல்காரரின் ஃபோன் அடித்தது. பெருங்குடிப் பையன். கிளம்பிவிட்டானாம்.

நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். அவனிடம் இந்தக் கம்பியும் இல்லை, அண்ணாவும் இல்லை. சூடான எஞ்சினை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டுச் சந்தோஷமாக எடுத்துக்கொண்டு போவான். இந்த வீட்டுக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

"தம்பி, வராதீங்க" என்றார் கப்பல்காரர், தெருவே கேட்கும்படி. "வண்டில டைமிங் செயின் போயிருக்கு. எனக்கே இப்பத்தான் தெரியும்... இல்ல இல்ல, விலை குறைக்கிறது பேச்சே இல்ல. கெட்டுப்போன எஞ்சினை நான் யார் கையிலயும் கொடுக்கறதில்ல. வேற வண்டி பாருங்க. பாக்கறப்போ, ஆறின எஞ்சினைப் பாருங்க."

ஃபோனை வைத்துவிட்டு அண்ணாவிடம் திரும்பினார். "உங்களுக்கு இதைச் செய்யத் தெரியுமா?"

"தெரியும் சார்."

"செய்ங்க. செலவு என்னுது. நான் பக்கத்துல உக்காந்து பாப்பேன்."

அண்ணா தலையைச் சொறிந்தார். "சார், ஒண்ணு சொல்லணும். நான் உங்களைத் தப்பா நெனச்சுட்டேன். சத்தத்தை மறைக்கத்தான் சூடு பண்றீங்கன்னு."

"நானா இருந்தாலும் அப்படித்தான் நெனச்சிருப்பேன்" என்றார் கப்பல்காரர். பிறகு என்னிடம், "சரியானதுக்கு அப்புறம் வாங்கறதும் வாங்காததும் உங்க இஷ்டம் தம்பி. நான் கேக்க மாட்டேன்."

நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. நன்றி என்ற சொல்லைத் தவிர எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன். எனக்கு அப்படித்தான் வாய்க்கும்.

எட்டு நாள் வேலை. ஒர்க்ஷாப்பில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, கப்பல்காரர் தினமும் உட்கார்ந்திருந்தார். இரண்டாம் நாளிலிருந்து இருவரும் சண்டை போட ஆரம்பித்தார்கள். மூன்றாம் நாள் ஒரே டப்பாவில் சாப்பிட்டார்கள். எண்ணெய்த் தொட்டியைக் கழற்றிய அன்று அண்ணா எனக்கு ஃபோன் செய்து வரச்சொன்னார். சங்கிலியைத் தாங்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் தடம் உடைந்து, துண்டு துண்டாக எண்ணெயில் கிடந்தது. பிரியாணியிலிருந்து பொறுக்கி வைத்த கிராம்பு போல ஒரு தட்டில் பரப்பி வைத்திருந்தார்.

"இந்த மழை தாண்டியிருக்காது சார்" என்றார். "சோழிங்கநல்லூர் தாண்டி எங்கனா ரோட்டுல நின்னிருக்கும். அப்புறம் அம்மா உங்களை வூட்டுக்குள்ள சேத்திருக்க மாட்டாங்க."

என் மனைவியின் நிபந்தனை அவருக்கும் தெரிந்திருந்தது. தாம்பரத்தைச் சுற்றிப் பத்து கிலோமீட்டருக்கு அது தெரியும் என்று நினைக்கிறேன்.

வண்டியை எடுக்கப் போன அன்று என் மனைவியும் வந்தாள். கப்பல்காரரின் மனைவி அவளுக்குத் தன் கேக்கில் ஒரு முழுத் துண்டத்தைக் கட்டிக்கொடுத்தார். நான் மன்னிப்புக் கேட்கும் தொனியில், "இனிமே காலைல ஜெபம் சொல்ல நிம்மதியான இடம் இல்லாமப் போச்சேம்மா" என்றேன்.

"அது பரவாயில்ல தம்பி" என்றார். "இவரு காதுக்கு மெஷின் வெச்சுக்கிட்டாரு. டிவி சத்தம் பாதியாக் கொறைஞ்சுடுச்சு. இப்ப வீட்டுக்குள்ளயே சொல்றேன்."

எனக்கு ஒரு நல்ல வண்டி கிடைத்தது. ஆனால் அந்தச் செயினால் அதிகம் லாபம் அடைந்தது அந்த அம்மாள்தான் என்று எனக்கு இப்போதும் சந்தேகம்.

என் மனைவி முன் இருக்கையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தாள் என்பதைவிட இறங்கினாள் என்பதே சரி. கேம்ப் ரோட்டுக்கு வந்தோம். ஒரு ஷேர் ஆட்டோவுக்குப் பின்னால் நாங்கள் ஊர்ந்துகொண்டிருந்தபோது, "நல்லாத்தான் இருக்கு" என்றாள். பிறகு, "எல்லாரும் நம்மளைக் குனிஞ்சு பாக்கறாங்க" என்றாள். அதில் குறை இருந்ததா பெருமை இருந்ததா என்று நான் ஆராயவில்லை.

வாங்கி ஒரு வருடம் தாண்டிவிட்டது. ஒரு முழு மழைக்காலம் போயிருக்கிறது. வண்டி ரோட்டில் ஒருமுறையும் நிற்கவில்லை. நெரிசலில் நின்றதைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை என்று ஆரம்பத்திலேயே பேசி முடித்திருந்தோம். எண்ணெயை நேரத்துக்கு மாற்றுகிறேன். கூலன்ட் இளஞ்சிவப்பாகவே இருக்கிறது. எஞ்சினுக்கு வாட்டர் வாஷ் செய்வதில்லை. அது தன் அழுக்கில் எழுதியிருப்பதை அண்ணா மூன்று மாதத்துக்கு ஒருமுறை வாசித்துச் சொல்கிறார். பெரிதாக ஒன்றும் எழுதவில்லையாம்.

ஒன்றே ஒன்று. செயின் மாற்றினாலும் காலையில் முதல் ஸ்டார்ட்டின் சத்தத்தை வண்டி எடுக்கும் நாளெல்லாம் கேட்கச் சொல்லியிருக்கிறார் அண்ணா. வாங்கிய முதல் வாரம் நான் பானெட்டைத் திறந்துவைத்துக் கேட்டேன். அந்தச் சனிக்கிழமை போலவே, எஞ்சினைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. ஒன்றும் இல்லாததால் கேட்கவில்லையா, அல்லது எனக்குக் கேட்காததால் ஒன்றும் இல்லையா? இரண்டு வாரம் யோசித்துவிட்டு, இரவுச் சாப்பாட்டில் உண்மையை மனைவியிடம் ஒப்புக்கொண்டேன். அன்று சிட்லபாக்கத்தில் தலையாட்டியதையும் சேர்த்து.

அவள் சிரிக்கவில்லை. இதை அவளுடைய பெருந்தன்மைகளில் முதலாவதாக வைக்கிறேன்.

இப்போது சனி, ஞாயிறுகளில் காலை ஆறே காலுக்கு நான் கீழே போகிறேன். என் மனைவி காபி டம்ளரோடு மொட்டைமாடியின் ஓரத்துக்கு வருகிறாள், அவளுடைய அறை வரவேண்டிய இடத்துக்கு. அடுத்த வருடம் எழுப்பிவிடலாம் என்று இருவரும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். நான் ஸ்டார்ட் செய்கிறேன். பிறகு கண்ணாடியை இறக்கி மேலே பார்க்கிறேன். முப்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் பின்பெஞ்சில் யார் முணுமுணுத்தது என்று கண்டுபிடிக்கிற காது அது. தலையைச் சற்றுச் சாய்த்துக் கேட்கிறாள். மூன்று விநாடி.

"ஒண்ணும் இல்ல" என்கிறாள். "போயிட்டு வாங்க."